தோட்டத்துச் சாளைக்குச் சொந்த மின்சாரம்

தாராபுரத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் தோட்டத்தில் ஓடு வேய்ந்த சாளை, அதாவது தோட்டத்து வீடு, ஒன்று இருக்கிறது. கிணற்று மோட்டாருக்கு விவசாய மின் இணைப்பு உண்டு என்றாலும், அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வீட்டில் விளக்கெரிப்பது விதிப்படி தவறு. வீட்டு இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் பக்கத்துத் தோட்டங்களின் வரப்புகள் வழியாகக் கம்பம் நட வேண்டும், அதற்கு அவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அம்மா ஆண்டில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறார். ஆகவே 2020-இல் சூரிய மின்சாரமும் பேட்டரியும் கொண்ட தனி அமைப்பொன்றை வைத்தோம். அது இரண்டே ஆண்டுகளில் படுத்துவிட்டது. 2023-இல் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, இந்த முறை நானே கணக்குப் போட்டு மறுபடியும் அமைத்தேன். முதல் அமைப்பு ஏன் தோற்றது என்பதை எழுதாமல் இரண்டாவதைப் பற்றி மட்டும் எழுதினால் யாருக்கும் பயன்படாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் அமைப்பில் 330 வாட் பேனல்கள் இரண்டு, 150 ஆம்பியர் மணி கொண்ட டியூபுலர் வகை ஈய அமில பேட்டரிகள் இரண்டு, 24 வோல்ட் சோலார் இன்வெர்ட்டர் ஒன்று. கடைக்காரர் சொன்ன கணக்கு மிக எளிது: 660 வாட், நாளொன்றுக்கு ஐந்து மணி நேர நல்ல வெயில், ஆக 3.3 யூனிட் (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்), உங்கள் தேவை 2.3 யூனிட், மிச்சமே ஒரு யூனிட் இருக்கும். நானும் தலையாட்டினேன். ஆறு மாதத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு இன்வெர்ட்டர் கூவத் தொடங்கியது. ஓராண்டு முடிந்தபோது இரவு பன்னிரண்டு மணியைத் தாண்டவில்லை. பேட்டரி மட்டமானது என்று நான் சொன்னேன், தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார். இருவர் சொன்னதும் தவறு என்பது பிறகு கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை வாங்கி அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

அந்த இன்வெர்ட்டருக்குள் இருந்தது பிடபிள்யூஎம் வகைச் சார்ஜர். அது பேனலை நேரடியாகப் பேட்டரியோடு இணைத்தும் துண்டித்தும் வேலை செய்வது. 330 வாட் பேனல் தன் முழுத் திறனைத் தருவது ஏறக்குறைய 37 வோல்ட்டில். ஆனால் பேட்டரியோடு கோத்துவிட்டால் சார்ஜ் ஆகும் பேட்டரியின் 26 வோல்ட்டுக்கே அது இறங்கி நிற்கும். ஆம்பியரோ கூடுவதில்லை, ஒரு பேனலுக்கு 8.8, இரண்டுக்கும் 17.6, அவ்வளவுதான். 17.6 ஆம்பியரை 26 வோல்ட்டால் பெருக்கினால் 458 வாட். 660 வாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு 458 வாட்டை மட்டுமே நான் வாங்கிக்கொண்டிருந்தேன். அதிலும் ஈய அமில பேட்டரிக்குள் போவதில் ஆறில் ஒரு பங்காவது திரும்பி வராது என்பதால், கையில் கிடைத்தது நாளொன்றுக்கு இரண்டு யூனிட்டைத் தாண்டவில்லை. தினமும் வரவைவிடச் செலவு கூடுதலாக இருந்ததால் பேட்டரி ஒருநாள்கூட முழுதாக நிரம்பவில்லை. ஈய அமில பேட்டரி அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் தட்டுகளின்மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அந்தப் பகுதி உயிர்பெறாது. பேட்டரி மட்டமானதாக இருக்கவில்லை, நாங்கள்தான் அதைப் பட்டினி போட்டுக் கொன்றோம்.

எனவே இரண்டாம் முறை பேனலிலிருந்து தொடங்காமல் வீட்டிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு பொருளையும் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றில் மாட்டி ஒரு வாரம் அளந்தேன். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, 30 வாட் வீதம் பன்னிரண்டு மணி நேரம், 720 வாட் மணி. பழைய விசிறிகள் 75 வாட் இழுப்பவை. அவற்றை மாற்றாமல் இருந்திருந்தால் இந்த ஓர் இனமே 1,800 ஆகியிருக்கும். எல்இடி விளக்குகள் ஐந்துக்கு 225, ஒற்றைக் கதவுக் குளிர்பெட்டிக்கு 700, இணைய ரவுட்டருக்கு 240, மடிக்கணினிக்கு 200, கிரைண்டரும் மிக்சியும் சேர்ந்து 183, கைப்பேசிகளுக்கு 40. கூட்டினால் 2.3 யூனிட், கடைக்காரர் அன்று போட்ட தேவைக் கணக்கு சரிதான். ஆனால் அவரும் நானும் விட்டுவிட்டது ஒன்றுண்டு. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே 20 வாட் தின்கிறது. குளிர்பெட்டி இருப்பதால் அதை அணைக்கவும் முடியாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு 480 வாட் மணி. வீட்டு விளக்குகள் எல்லாம் சேர்ந்து எடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆக உண்மையான தேவை 2.8 யூனிட். இன்வெர்ட்டர் வாங்கும்போது அதன் திறன் எத்தனை கேவிஏ என்று கேட்பவர்கள், சும்மா இருக்கும்போது எத்தனை வாட் என்றும் கேட்க வேண்டும். தேவைக்கு மீறிப் பெரிய இன்வெர்ட்டரை வாங்கினால் இந்தச் சும்மாச் செலவும் பெரும்பாலும் கூடும்.

புதிய பேனல்கள் 540 வாட் வீதம் இரண்டு. அட்டையில் எழுதியிருக்கும் வாட் என்பது பேனலின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. எங்கள் ஊரில் சித்திரை மதியம் பேனலின் முதுகைத் தொட்டால் கை பொரிந்துவிடும். 60 டிகிரிக்கு மேல் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறைவதால் அப்போது எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. தூசி, கம்பி, சார்ஜர், பேட்டரி ஆகியவற்றின் இழப்புகளையும் சேர்த்து, அட்டை எண்ணில் 70 சதவீதம்தான் நம்முடையது என்று கொண்டேன். 1,080 வாட், ஐந்து மணி நேரம், அதில் எழுபது சதவீதம்: 3.8 யூனிட். 2.8 தேவைக்கு 3.8 வரவு.

எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நாட்கள் போயின. நாட்டு ஓட்டுக் கூரையின்மேல் வைக்க வழியில்லை. நிலத்தில்தான் நிறுத்த வேண்டும். தென்புறத்தில் தென்னைகள். ஒரு தென்னை மட்டையின் நிழல்தானே என்று நினைத்துவிடக் கூடாது. பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒரு செல் நிழலில் இருந்தால் அந்த வரிசை முழுவதும் அடைபடும். சூடேறிக் கருகாமல் காக்க வைத்திருக்கும் பைபாஸ் டயோடு அந்த வரிசையை ஒதுக்கிவிடும். பேனலுக்கு மூன்று டயோடுகள் என்பதால் ஒற்றை மட்டை நிழலில் மூன்றில் ஒரு பங்கு போகலாம். எங்கள் ஊர் ஏறக்குறைய 10.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழியில் நண்பகலிலேயே சூரியன் 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும்; 15 மீட்டர் தென்னையின் நிழல் வடக்கே 10 மீட்டர் நீளும், காலை ஒன்பது மணிக்கு அதைவிட மிக நீளும். வைகாசியில் இடத்தைப் பார்த்து நிழலே இல்லை என்று முடிவு செய்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குப் பின்வரையும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. அப்போது நிழல் தெற்கே விழும். நான் மார்கழி முடியும்வரை காத்திருந்து, மணிக்கொரு முறை நிழல் விளிம்பில் குச்சி நட்டு இடத்தைக் குறித்துக்கொண்டேன். ஒரு தென்னையை மட்டும் வெட்ட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

சாய்வு 11 டிகிரி, தெற்குப் பார்த்து. பத்துக்குக் கீழே படுக்கவைத்தால் மழை பெய்தாலும் கீழ் விளிம்பில் சேறு தங்கிவிடும்.

அந்த இடத்துக்கும் வீட்டுக்கும் 15 மீட்டர். இந்தத் தொலைவுதான் பேனல்களை எப்படிக் கோப்பது என்பதைத் தீர்மானித்தது. இரண்டையும் பக்க இணைப்பில் (பேரலல்) கோத்தால் 41 வோல்ட்டில் 26 ஆம்பியர் ஓடும். ஆறு சதுர மில்லிமீட்டர் கம்பியில் போக வர 30 மீட்டருக்கு மின்தடை 0.1 ஓம். ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும் என்பதால் கம்பியைச் சூடாக்குவதற்கே 67 வாட் போகும். தொடர் இணைப்பில் (சீரீஸ்) கோத்தால் 83 வோல்ட்டில் 13 ஆம்பியர்தான். இழப்பு 17 வாட். அதே கம்பி, நான்கில் ஒரு பங்கு இழப்பு. ஆனால் தொடர் இணைப்பில் ஒரு பொறி இருக்கிறது. இந்தப் பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதனோடும் இணைக்காதபோது அதில் இருப்பது, 49.5 வோல்ட், இரண்டுக்கு 99. கடையில் 100 வோல்ட் வரம்புள்ள எம்பிபிடி சார்ஜரைக் காட்டி, 'ஒரு வோல்ட் மிச்சம் இருக்குதுங்களே' என்றார்கள். பேனல் சூடாகும்போது மின்னழுத்தம் குறைவதைப் போல, குளிரும்போது கூடவும் செய்யும். தை மாதக் காலையில் 18 டிகிரியில் முதல் வெயில் விழும்போது 99 என்பது 101 ஆகிவிடும். சார்ஜரின் வோல்ட் வரம்பு தாண்டக்கூடாத எல்லை. ஒருமுறை தாண்டினாலே உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் போய்விடலாம், வாரண்டியும் கிடைக்காது. ஆகவே 150 வோல்ட், 60 ஆம்பியர் சார்ஜரை வாங்கினேன். எம்பிபிடி என்பது அதிக வோல்ட்டைக் குறைத்து அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டித் தருவது. முதல் அமைப்பில் இழந்தது எல்லாம் இங்கே திரும்பக் கிடைக்கிறது.

பேட்டரியில் இந்த முறை லித்தியம் இரும்பு பாஸ்பேட். 25.6 வோல்ட், 100 ஆம்பியர் மணிப் பெட்டி ஒன்றில் எட்டு செல்கள், 2.56 யூனிட். மாலை ஆறு முதல் காலை ஏழுவரை எங்கள் செலவு 1.7 யூனிட் என்பதால் ஒரு பெட்டியே ஓர் இரவுக்குப் போதும். மழைநாளை நினைத்து இரண்டு வாங்கினேன். ஈய அமிலத்தைவிட விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் டியூபுலரில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 3.6 யூனிட் என்று வாங்கியது நடைமுறையில் 1.8 யூனிட்தான். இதில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம், அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் கெடாது, போட்டதில் ஐந்து சதவீதம் போலத்தான் இழப்பு. அமிலம் இல்லை, காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவதும் இல்லை. பழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஈய பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். லித்தியம் 80 சதவீதத்திலும் 26 வோல்ட் சொச்சம் காட்டும், 40 சதவீதத்திலும் 26 வோல்ட் சொச்சமே காட்டும். பிறகு திடீரென்று சரியும். அதனால் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் ஷன்ட் மீட்டர் ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

இரண்டு பெட்டிகளைப் பக்க இணைப்பில் கோக்கும் முன் இரண்டையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் செய்தேன். ஒன்று நிறைந்தும் மற்றது காலியாகவும் இருக்கக் கோத்தால் நிறைந்ததிலிருந்து காலிக்குக் கட்டுப்பாடின்றிப் பாயும். நேர்முனைக் கம்பியை முதல் பெட்டியிலிருந்தும் எதிர்முனைக் கம்பியை இரண்டாவதிலிருந்தும், அதாவது குறுக்காக, எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும். இன்வெர்ட்டரை முதன்முதலாகப் பேட்டரியோடு இணைத்தபோது படாரென்று ஒரு பொறி தெறித்தது; நான் பின்னால் இருந்த சாக்கு மூட்டையில் விழுந்தேன். இன்வெர்ட்டருக்குள் காலியாக இருக்கும் கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்புவதால் வருவது அது. இப்போதெல்லாம் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சில நொடிகள் நிரப்பிவிட்டுப் பிறகே இணைக்கிறேன்.

பாதுகாப்புச் சாதனங்களில்தான் பலரும் சிக்கனம் பிடிக்கிறார்கள், அதுவும் தவறான இடத்தில். வீட்டுக்குப் போடும் சாதாரண எம்சிபியை (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பேனல் பக்கம் போடக் கூடாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுச் செல்வதால் சுவிட்சில் எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். பேனலிலிருந்து ஒரே திசையில் ஓடி வரும் டிசி மின்சாரம் சுழியைத் தொடுவதே இல்லை. பொறி அணையாமல் நின்று எரிந்து பெட்டியையே உருக்கிவிடும். டிசி என்று குறித்த எம்சிபியே வேண்டும்; அதிலும் சிலவற்றுக்கு நேர்முனை, எதிர்முனை மாறக் கூடாது. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே முழுச் சுமையில் 75 ஆம்பியர் ஓடும். 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், பேட்டரியின் முனையை ஒட்டியே 125 ஆம்பியர் ஃபியூசும் வைத்தேன். லித்தியத்தில் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும் என்பதால் காருக்கு விற்கும் மலிவு ஃபியூஸ் அதை அறுக்குமென்று நம்ப முடியாது. பேனல் சட்டங்களுக்கும் இரும்புச் சட்டகத்துக்கும் சேர்த்து எர்த் குழி, டிசி பக்கம் மின்னல் எழுச்சியைத் தாங்கும் சாதனம், இவை இரண்டும் ஐப்பசி இடிமழைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பேனல் கம்பிகளின் நுனியில் வரும் எம்சி4 இணைப்பான்களில் ஒரு நிறுவனத்தின் ஆண்முனையை வேறொன்றின் பெண்முனையில் செருகினால் பொருந்தியதுபோலத்தான் தெரியும். உள்ளே தொடுகை சரியாக இராமல் சூடேறி ஒருநாள் உருகும்.

இனி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வரும் காற்றுக்காகவே உடுமலை, பூளவாடி, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று எங்கள் பேனலுக்கு மட்டும் சலுகை காட்டப் போவதில்லை. இந்தியத் தரநிலை 875, கோவைக்கு நொடிக்கு 39 மீட்டரை அடிப்படைக் காற்று வேகமாகக் கொள்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 913 நியூட்டன் அழுத்தம். இரண்டு பேனல்களும் சேர்ந்து 5.2 சதுர மீட்டர்; முழு அழுத்தமும் நேராகத் தாக்குவதாக வைத்துக்கொண்டால் 480 கிலோ எடையை மேலே தூக்கும் விசை. சாய்வு குறைவு என்பதால் உண்மையில் இவ்வளவு வராது. ஆனால் கணக்கை இப்படிப் போட்டுக்கொள்வதே நல்லது. ஒன்றரை அடி சதுரம், இரண்டரை அடி ஆழத்தில் நான்கு குழிகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 380 கிலோ கான்கிரீட். துத்தநாகப் பூச்சுக் குழாய்கள், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள். பேனலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில். ஆடுகள் ஏறாமல் இருக்க அது போதுமானது. மயில்களுக்கு எதுவும் போதவில்லை. விடியலில் மேல் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து எச்சமிட்டுவிட்டுப் போகின்றன. தேசியப் பறவை என்பதால் மரியாதையோடு விரட்ட வேண்டியிருக்கிறது. எச்சம் காய்ந்த இடம் நிழலைப் போலவே செல்லை அடைக்கும். போர்வெல் தண்ணீரால் கழுவினால் உப்புப் படலம் படிகிறது. பிடித்துவைத்த மழைநீரால், வெயில் ஏறுமுன், கழுவுகிறோம்.

இவ்வளவும் செய்த பிறகும் 2023 ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை எங்களை இருட்டில் தள்ளியது. கருமேகம் மூடிய நாளில் வழக்கமானதில் நான்கில் ஒரு பங்குதான் கிடைக்கிறது, 3.8 யூனிட்டுக்குப் பதில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டு பெட்டிகளும் மூன்றாம் நாள் மாலை காலியாகிவிட்டன. இன்னும் இரண்டு பேட்டரி வாங்கலாமா என்பதே என் முதல் எண்ணம். கணக்குப் போட்டபோது வேறு விடை வந்தது. பேட்டரியைக் கூட்டினால் காலியாவது இரண்டு நாள் தள்ளிப்போகும், அவ்வளவே. காலியான பின் அதை நிரப்பவும் அதே பேனல்தான். பேனலை இரட்டித்தால் மழை நாளிலும் இரண்டு யூனிட் வரும், குளிர்பெட்டியை மட்டும் நிறுத்திவிட்டால் அன்றன்றைய தேவை ஏறக்குறைய அன்றன்றே தீர்ந்துவிடும். விலையிலும் இரண்டு பேனல்கள் ஒரு பேட்டரிப் பெட்டியைவிடக் குறைவு. மூன்றாவதாக ஒரே ஒரு பேனலைத் தொடரில் சேர்க்க முடியாது, 148.5 வோல்ட் ஆகி மறுபடியும் வரம்பை இடிக்கும். ஆகவே இன்னொரு ஜோடியை மேற்குப் பார்த்து மாட்டுக் கொட்டகையின் மேல் வைத்து, பழைய ஜோடியோடு பக்க இணைப்பில் கோத்தேன். சார்ஜரின் 60 ஆம்பியர் வரம்பால் வெயில் நாளில் நடுப்பகலில் 1,600 வாட்டுக்கு மேல் வருவது வீணாகிறது. வீணாகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் பேட்டரி எப்படியும் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். 2024 கார்த்திகை மழையில் ஒரு நாள்கூட விளக்கு அணையவில்லை.

இதில் பணம் மிச்சமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில், இல்லை என்பதுதான். எங்கள் செலவு இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 170 யூனிட். வீட்டு இணைப்பு இருந்திருந்தால், 2024 நிலவரப்படி அதில் முதல் 100 யூனிட் இலவசம், மிச்சத்துக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகியிருக்கும். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியமும் மின்வாரியக் கம்பியோடு இணைந்த கூரை அமைப்புகளுக்குத்தான். எங்களைப் போலத் தனித்து நிற்பவற்றுக்குக் கிடையாது. கம்பி வரும் இடத்தில் இருப்பவர்கள் பேட்டரி பக்கமே போக வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அம்மாவுக்கு வாட், யூனிட் எதுவும் வேண்டாம். ஷன்ட் மீட்டரில் தெரியும் சதவீதத்தை மட்டும் பார்ப்பார். காலை பதினோரு மணிக்கு எண்பதைத் தாண்டியிருந்தால் கிரைண்டரில் மாவு ஆட்டுவார். இல்லையென்றால், 'இன்னிக்கு வெயில் பத்தாது கண்ணு, நாளைக்கு ஆட்டிக்கலாம்' என்று அரிசியை ஊறவைக்காமல் விட்டுவிடுவார். சென்ற வாரம் அந்த எண் காலையில் வழக்கத்தைவிட ஐந்து குறைவாக இருப்பதை அவர்தான் முதலில் கவனித்துச் சொன்னார். பார்த்தால் குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் கிழிந்து குளிர் கசிந்துகொண்டிருந்தது.